இழுவையை அளந்த கதை: எர்டிகா, இன்னோவா, டிசையர்

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணம். தாலி கட்டிச் சாப்பாடு முடிந்ததும் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கேப்பர் மலைப் பக்கம் ஏறும் சாலையில் வண்டியைத் திருப்பினேன். மூன்றாவது கியரிலேயே பல தடவை ஏறிய ஏற்றம். அன்று பாதி வழியில் வேகம் 40-இலிருந்து 30-க்கு இறங்கியது. ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தியும் பயனில்லை. இரண்டாவது கியருக்கு இறங்கி, பின்னால் வந்த டெம்போவின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே மேலே வந்து சேர்ந்தேன்.

வண்டி 2013 எர்டிகா டீசல். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைலேஜும் லிட்டருக்கு 18-இலிருந்து 15-க்கு இறங்கியிருந்தது. மழையும் ரோடும்தான் காரணம் என்று நினைத்து ரொம்ப நாள் விட்டுவிட்டேன். கல்யாணத்தன்றுதான் உறைத்தது.

முதலில் சாதாரண வேலைகள். ஏர் ஃபில்டர் 340 ரூபாய், டீசல் ஃபில்டர் 1,150 ரூபாய். இரண்டையும் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு வாசலிலேயே மாற்றினேன். டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு லைனில் காற்று தங்காமல் ஹேண்ட் பம்ப்பை அழுத்தி எடுக்க வேண்டும். அதைக் குறைவாகச் செய்துவிட்டு, ஸ்டார்ட் ஆகாமல் அரைமணி நேரம் விழித்தேன். கடைசியில் வண்டி ஓடியது, இழுவை அப்படியேதான் இருந்தது.

அப்புறம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அவர்கள், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார்கள். விரலில் ஆயில் ஒட்டியது. "டர்போ போச்சு சார். ரீகண்டிஷன் பண்ணினா 28,000, புதுசு போட்டா அதுக்கு மேல." ஓட்டிப் பார்க்கவில்லை, ஸ்கேனர் மாட்டவில்லை. விரலில் ஒட்டிய ஆயிலுக்கு 28,000 ரூபாயா என்று மனம் ஒப்பவில்லை. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் புகையை, காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் திருப்பி விடும் டீசல் இன்ஜினில் அந்தக் குழாய் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயையும் விரலால் தொட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே ஈரம். டர்போ ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டினேன். உள்ளே வெளியே அசைவு இல்லை, பக்கவாட்டில் மட்டும் மயிரிழை அளவு. பிளேடு எங்கும் உரசிய தடம் இல்லை.

இன்னொருவர், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வைச் சொன்னார். அதில் நியாயம் இருந்ததால் கழற்றினேன். உள்ளே கரி அரை விரல் கனத்துக்குப் பிடித்திருந்தது. கார்பரேட்டர் கிளீனர் இரண்டு டின் 460 ரூபாய், கேஸ்கட் 180 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. ஐடிலில் வரும் புகை குறைந்தது. இழுவையும் கூடியது போலத் தோன்றியது. அந்தத் 'தோன்றியது' என்ற சொல்தான் என்னை உறுத்தியது. கூடியதா, கூடவில்லையா? அளந்து பார்த்துவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

அளக்கும் வேலைக்கு வாங்கியது 700 ரூபாய் ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டர். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகி, போனில் ஒரு ஆப்பைப் போட்டால் இன்ஜின் கம்ப்யூட்டர் படிக்கும் எண்களைப் பதிவு செய்துகொள்ளலாம். முதல் நாள் ஆசையில் பதினான்கு எண்களையும் டிக் செய்துவிட்டேன். விலை குறைந்த அடாப்டர், ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் இரண்டு வினாடி போய்விடுகிறது. அந்த இரண்டு வினாடியில் நான் தேடும் விஷயமே நடந்து முடிந்துவிடும். அந்தக் காலை வேலை முழுக்க வீண். அடுத்த முறை இரண்டே எண்கள்: இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்னும் ஆர்.பி.எம்., சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்ட்டின் அழுத்தம். வினாடிக்கு நான்கு அளவு வந்தது. வேகத்தைக்கூடப் பதியவில்லை. ஒரே கியரில் கிளட்ச் நழுவாமல் ஓடும்போது ஆர்.பி.எம்.மே வேகம்தான், அதுவும் முழு கிலோமீட்டராகத் தாவித் தாவி வரும் வேக எண்ணைவிட நுட்பமானது.

கிளட்ச் நழுவுகிறதா என்பதை முதலிலேயே உறுதி செய்தேன். மூன்றாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.முக்கு ஜி.பி.எஸ். வேகம் 44 கிலோமீட்டர், 3,000-க்கு 66. மெதுவாகப் போனாலும் முழுக்க அழுத்தினாலும் அதே கணக்கு. கிளட்ச் சரி.

டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, நான் உட்கார்ந்திருக்க அக்கா மகன் வண்டியைத் தள்ள, ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று டேப்பில் பிடித்தோம்: 1.91 மீட்டர். இதையும் வேகக் கணக்கையும் சேர்த்தால் மூன்றாவது கியரில் இன்ஜின் 5.21 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றுகிறது என்று வருகிறது. எந்தப் புத்தகத்தையும் புரட்டத் தேவையில்லை.

எடைக்கு முதலில் கையேட்டைப் பார்த்து எழுதியது தப்பு. ஓட்டுகிறவர், பக்கத்தில் ஒருவர், பாதி டேங்க் டீசல், டிக்கியில் கிடக்கும் சாமான் எல்லாம் அதில் சேராது. நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு வண்டிகள் ஏறும் எடைமேடையில் 80 ரூபாய் கொடுத்து நிறுத்தினோம். 1,390 கிலோ. சக்கரமும் ஃப்ளைவீலும் சுற்றுவதற்கும் கொஞ்சம் சக்தி போகும் என்பதால் 8 சதவீதம் கூட்டி, கணக்குக்கு 1,500 என்று வைத்துக்கொண்டேன்.

சாலை கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் நேராக, சமமாக ஒரு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. முதல் தடவை சாயங்காலம் போனேன். கடல்காற்று அடிக்கும் நேரம். ஒரு பக்கம் போகும்போது வந்த எண்ணுக்கும் திரும்பும்போது வந்த எண்ணுக்கும் ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம். அதனால் விடியற்காலை, இரண்டு திசையிலும் மூன்று மூன்று ஓட்டம், நடுவில் வரும் எண்ணை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். நான் ஓட்டினேன், போனைப் பார்த்தது அக்கா மகன். ஒருவரே இரண்டையும் செய்யக் கூடாது.

செய்முறை இவ்வளவுதான். மூன்றாவது கியரில் 1,200 ஆர்.பி.எம்.மில் நிதானமாகப் போக வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாகத் தரைவரை அழுத்தி 3,600 வரும்வரை பிடித்து, விட்டுவிட வேண்டும். 1,500-இலிருந்து 3,500 வர எத்தனை வினாடி என்பது முதல் எண். எங்களுக்கு வந்தது 11.4 வினாடி.

இதைத் திருக்கு விசையாக, அதாவது இன்ஜின் சுழற்றும் பலமாக (டார்க்) மாற்ற, ஒரு சிறிய துண்டை எடுத்துக்கொள்கிறேன். வேகம் 40-இலிருந்து 48 ஆக, அதாவது 2,000 ஆர்.பி.எம்.முக்கு அக்கம்பக்கத்தில், 2.1 வினாடி ஆனது. வினாடிக்கு வினாடி 1.06 மீட்டர் வேகவளர்ச்சி. 1,500-ஆல் பெருக்கினால் 1,590 நியூட்டன். அதோடு காற்றும் டயரும் பின்னுக்கு இழுப்பதைச் சேர்க்க வேண்டும். அதற்கு நியூட்ரலில் விட்டு 60-இலிருந்து 50-க்கு வர எத்தனை வினாடி என்று பார்த்தோம். 14 வினாடி. அந்தக் கணக்கில் 45 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 250 நியூட்டன் வருகிறது. மொத்தம் 1,840. சக்கரத்தின் ஆரம் 0.304 மீட்டரால் பெருக்கி, 5.21-ஆல் வகுத்து, கியர்பாக்ஸில் பத்து சதவீதம் தேய்மானம் என்று வைத்தால் சுமார் 119 நியூட்டன் மீட்டர்.

இந்த வண்டிக்குக் கம்பெனி சொல்வது 1,750 ஆர்.பி.எம்.மில் 200 நியூட்டன் மீட்டர். என் அளவில் முன்னே பின்னே பத்து பிழை இருக்கலாம். எண்பது பிழை இருக்க முடியாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுவை எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

எங்கே என்பதற்கான விடையும் அதே பதிவில் இருந்தது. நான்தான் கடைசியில் பார்த்தேன். சாவியை மட்டும் திருப்பி இன்ஜினை ஓட்டாமல் இருக்கும்போது மேனிஃபோல்ட் அழுத்தம் 101 கிலோபாஸ்கல், வெளிக்காற்றின் அழுத்தம். சென்சார் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். முழுக்க அழுத்தி 2,000-ஐத் தாண்டும்போது 200-க்கு மேல் போக வேண்டியது 148-இல் நின்றுகொண்டிருந்தது. டர்போ காற்றைத் தள்ளவில்லை, அல்லது தள்ளும் காற்று இன்ஜினுக்குள் வந்து சேரவில்லை.

இங்கே ஒரு வாரம் வேலையை நிறுத்தி வேறொன்று செய்தேன். என் அளவே சரிதானா என்று தெரிய வேண்டும், அதற்கு நல்ல வண்டிகள் வேண்டும். அக்கா மகனிடம் பழைய டிசையர் டீசல் இருக்கிறது. தெருக்கோடியில் டாக்ஸி ஓட்டும் அண்ணனிடம் 2012 இன்னோவா 2.5. இரண்டும் நன்றாக ஓடும் வண்டிகள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தனி ருசி. என் எர்டிகாவும் டிசையரும் ஒரே 1,248 சி.சி. இன்ஜின், ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். டாடா, ஃபியட், மாருதி என்று பல பேட்ஜுக்குக் கீழே இந்தியாவில் ஓடியது. டிசையரில் இருப்பது பிளேடு நகராத சாதாரண டர்போ: 4,000 ஆர்.பி.எம்.மில் 75 பி.எஸ். (குதிரைத்திறன்), 2,000-இல் 190 நியூட்டன் மீட்டர். எர்டிகாவில் பிளேடு கோணம் மாறும் வி.ஜி.டி. டர்போ: 4,000-இல் 90 பி.எஸ்., 1,750-இல் 200. இன்னோவா அப்படியே வேறு ஜாதி. 2,494 சி.சி., 3,600-இல் 102 பி.எஸ்., திருக்கு விசை அதே 200.

அதே 200. சி.சி. இரண்டு மடங்கு, திருக்கு விசை ஒன்றுதான். டாக்ஸி அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "தம்பி, என் வண்டிய பத்தி எனக்குத் தெரியாதா? எட்டு பேர வச்சிக்கிட்டு ஏற்காடு ஏத்தியிருக்கேன். ஒன் வண்டியும் இதுவும் ஒரே இழுவைன்னு எவன் சொன்னான்?" அவர் சொன்னது சரி, கம்பெனி அச்சடித்ததும் சரி. வித்தியாசம் அடுத்த எண்ணில் இருக்கிறது. இன்னோவாவின் 200 என்பது 1,400-இலிருந்து 3,400 ஆர்.பி.எம். வரைக்கும்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். திருக்கு விசையை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் அந்த இடத்தின் பி.எஸ். வரும். திருப்பியும் போடலாம். இன்னோவாவின் 102 பி.எஸ்.ஸை 7,024-ஆல் பெருக்கி 3,600-ஆல் வகுத்தால் 199. அதாவது சக்தி உச்சத்துக்கு வரும் இடத்திலும் இழுவை கிட்டத்தட்ட இறங்கவே இல்லை, வரப்பு போலத் தட்டையாகவே போகிறது. எர்டிகாவுக்கு அதே கணக்கு: 90 பி.எஸ்., 4,000 ஆர்.பி.எம்., விடை 158. டிசையருக்கு 132. உச்சியில் 190 இருந்த இழுவை மேலே போகப் போக 58 குறைந்துவிட்டது. விளம்பரத் தாளில் இருக்கும் இரண்டே வரியிலிருந்து இழுவையின் கோடு மலை போலக் கூம்பா, தட்டையா என்று தெரிந்துகொள்ள இது போதும். பழைய டீசல் வண்டி வாங்கப் போகும் யாருக்கும் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன்.

அளந்ததில் வந்தவை இவை. இன்னோவா இரண்டு பேருடன் எடைமேடையில் 1,810 கிலோ. மூன்றாவது கியரில் 1,500-இலிருந்து 3,500-க்கு 8.2 வினாடி. டிசையர் 1,250 கிலோ, 7.5 வினாடி. இதை மட்டும் பார்த்தால் டிசையர்தான் ஜெயித்தது, அக்கா மகன் குதித்தான். அண்ணன் அலட்டிக்கொள்ளாமல், குறைந்த ஆர்.பி.எம்.மில் இருக்கும் துண்டைப் பார்க்கச் சொன்னார். அனுபவசாலி. 1,300-இலிருந்து 1,700-க்கு வர இன்னோவாவுக்கு 1.7 வினாடி, டிசையருக்கு 2.6. ஐநூற்றுச் சொச்சம் கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டு இன்னோவா முந்துகிறது. கடலூர் ஊருக்குள், மஞ்சக்குப்பத்திலும் லாரன்ஸ் ரோட்டிலும், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது நாம் இருப்பது அந்த 1,300-க்கும் 1,700-க்கும் நடுவில்தான். டிசையரில் அங்கே கியர் குறைக்க வேண்டும். இன்னோவாவில் காலை வைத்தால் போதும்.

"நான் அப்பவே சொன்னேன்ல மாமா, ரெண்டாயிரத்துக்கு மேலதான் இது வண்டி" என்றான் அக்கா மகன். உண்மைதான். அவன் அதைப் பழகிக்கொண்டு ஓட்டுகிறான்.

இரண்டு நல்ல வண்டிகளிலும் என் கணக்கு கம்பெனி எண்ணுக்குப் பத்துக்குள் வந்தது. அளவு சரி. இனி என் வண்டியில் காற்று எங்கே போகிறது என்று தேட வேண்டியதுதான்.

டர்போவின் வாயிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்டேக் மேனிஃபோல்ட் வரை உள்ள குழாய்த்தடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு முனையையும் அடைத்துக் காற்றடிக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் பி.வி.சி. என்ட் கேப் இரண்டு, ஒன்று 35 ரூபாய். கழற்றிய குழாயைக் கடைக்கே எடுத்துப் போய் உள்ளே பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கினேன். கண் மதிப்பில் வாங்காதீர்கள். பஞ்சர் கடையில் கார் டியூப்லெஸ் வால்வு ஒன்று 30 ரூபாய். அந்த வால்வுக்கு 11.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். என்னிடம் இருந்தது 10-உம் 13-உம். பத்தில் போட்டு அரத்தால் தேய்த்த முதல் துளை கோணலாகி ஒழுகியது. 140 ரூபாய்க்கு 11.5 பிட் வாங்கி அடுத்த கேப்பில் போட்டதும் வால்வு கச்சிதமாக உட்கார்ந்தது. கோணல் துளையை எபாக்ஸி பூசி அடைத்து மறுமுனைக்கு வைத்துக்கொண்டேன்.

பஞ்சர் கடைக்காரர் கம்ப்ரசரைத் தந்தார். இங்கேதான் ஆபத்தான தப்பு ஒன்று செய்தேன். ரெகுலேட்டரைக் குறைக்காமல் திறந்துவிட்டேன். முப்பது பி.எஸ்.ஐ.யைத் தொடும்போது கேப் பீய்ச்சிக்கொண்டு பறந்து கடைச் சுவரில் அடித்தது. முகத்துக்கு நேராக இருந்திருந்தால் பல் போயிருக்கும். அதற்கப்புறம் கேப்புக்கு மேலே கிளாம்ப் போட்டு, குழாய்க்குக் குறுக்கே கயிறு கட்டி, ரெகுலேட்டரை ஐந்தில் வைத்து மெதுவாகப் பதினைந்து வரை ஏற்றினோம். யாரும் கேப்புக்கு நேரே நிற்கக் கூடாது. பதினைந்துக்கு மேல் தேவையே இல்லை.

சோப்புத் தண்ணீரைப் பெயின்ட் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனோம். கிளாம்ப் இணைப்புகள் நான்கிலும் ஒன்றும் இல்லை. இன்டர்கூலர் உடம்பிலும் ஒன்றும் இல்லை. எட்டு பி.எஸ்.ஐ. வரை நிசப்தம். பத்தைத் தாண்டியதும் கீழ் ரப்பர் குழாயின், அதாவது கீழ் ஓஸின் அடிவயிற்றில், வளைவின் உட்பக்கத்தில், சோப்பு நுரை கொழுக்கட்டை அளவுக்குப் பொங்கியது. ஓஸைக் கழற்றி மடக்கிப் பார்த்தால் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு. கையால் விரித்தால்தான் வாய் திறக்கிறது. சும்மா இருக்கும்போது ரப்பர் தானாக மூடிக்கொள்கிறது. அதனால்தான் டார்ச் அடித்துப் பார்த்த யார் கண்ணிலும் படவில்லை. பதினோரு வருஷம் சூட்டிலும் ஆயிலிலும் ஊறிய ரப்பர், அதன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு தடயம் முதல் நாளிலிருந்தே கண் முன்னால் இருந்தது. அந்த ஓஸுக்கு நேர் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் மட்டும் ஆயிலும் புழுதியும் கலந்து உள்ளங்கை அளவு கறை. மற்ற இடமெல்லாம் காய்ந்த புழுதி. டர்போ போய்விட்டது என்று சொன்னவர்கள் ஆயிலைப் பார்த்தார்கள். அது எந்த இடத்தில் சொட்டியிருக்கிறது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

புது ஓஸ் கடலூரில் உடனே கிடைக்கவில்லை. அவசரத்தில் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு டூப்ளிகேட் வாங்கினேன். பொருந்தியது. மறுநாள் பதிவில் அழுத்தம் 190 வரை ஏறி அங்கேயே நின்றது. இப்போது ஓட்டை எங்கே? மறுபடி கேப்பை மாட்டிக் காற்றடித்தபோது விளங்கியது. ஒழுகவில்லை, ஓஸே பலூன் மாதிரி உப்புகிறது. வெட்டிப் பார்த்தேன், உள்ளே துணி அடுக்கே இல்லை, வெறும் ரப்பர். சூடான இன்ஜினில் எந்த நிமிஷமும் வெடித்திருக்கும். ஓஸ் வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள், நூல் அடுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் புதுச்சேரியில் ஒரிஜினல் ஆர்டர் செய்தேன். நான்கு நாளில் வந்தது, 1,480 ரூபாய். போல்ட் வைத்த கிளாம்ப் இரண்டு 220 ரூபாய். பழைய கிளாம்பை மறுபடி போடக் கூடாது என்பது என் பழக்கம். மாட்டும் முன் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தேன். கால் டம்ளர் ஆயில் வடிந்தது. அதைத் துடைக்காமல் மாட்டினால் புது ஓஸின் முனை வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். இணைப்பு முனைகளை பிரேக் கிளீனரால் துடைத்துக் காய வைத்த பிறகே மாட்டினேன். கிளாம்ப்பை ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அதே சாலை, அதே ஐந்தரை மணி, அதே இரண்டு பேர், அதே பாதி டேங்க். அழுத்தம் 2,000-ஐத் தாண்டும்போது 228 கிலோபாஸ்கல். 1,500-இலிருந்து 3,500-க்கு 7.6 வினாடி. 40-இலிருந்து 48-க்கு 1.25 வினாடி. கணக்குப் போட்டால் 189 நியூட்டன் மீட்டர். முன்பு 119.

அழுத்தங்களின் விகிதத்தையும் இழுவைகளின் விகிதத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 148-ஐ 228-ஆல் வகுத்தால் 0.65. 119-ஐ 189-ஆல் வகுத்தால் 0.63. வேறு வேறு வழியில் அளந்த இரண்டு எண்கள் இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்து அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். காற்று எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவுதான் டீசலை எரிக்க முடியும், அவ்வளவுதான் இழுவை.

1,300-இலிருந்து 1,700-க்கு இப்போது எர்டிகாவின் நேரம் 2.1 வினாடி. டிசையரைவிட அரை வினாடி குறைவு, இன்னோவாவைவிட 0.4 வினாடி அதிகம். ஒரே இன்ஜினில் டர்போ வேறாக இருப்பதால் குறைந்த ஆர்.பி.எம்.மில் கிடைத்தது இந்த அரை வினாடி. மேலே 1,500-இலிருந்து 3,500 வரையான ஓட்டத்தில் டிசையருக்கும் எர்டிகாவுக்கும் 0.1 வினாடிதான் வித்தியாசம், எர்டிகா 140 கிலோ அதிகம் சுமந்துகொண்டு போகிறது.

கேப்பர் மலை ஏற்றத்தையும் கணக்கில் போட்டேன். செங்குத்தான துண்டில் வண்டியை ஓரங்கட்டி, போனில் இருக்கும் சரிவுமானியை டிக்கித் தரையில் வைத்துப் பார்த்ததில் 4 டிகிரி காட்டியது. ஏழு பேருடன் வண்டி சுமார் 1,700 கிலோ. மூன்றாவது கியரில் வேகம் குறையாமல் இருக்கவே 90 நியூட்டன் மீட்டர் வேண்டும். கெட்டுப்போயிருந்தபோது 1,500 ஆர்.பி.எம்.மில் என் பதிவு காட்டியது 80. பத்து குறைவு. வேகம் குறையக் குறைய டர்போ இன்னும் தளர்கிறது, இழுவை இன்னும் இறங்குகிறது. அன்று வண்டி அப்படி நடந்துகொண்டது இந்தப் பத்தால்தான். அதே ஏற்றத்தில் போன வாரம் மூன்றாவது கியரில் 40-இல் ஆரம்பித்து மேலே வரும்போது 52.

செலவுக் கணக்கு. எல்லாம் சேர்த்து, மூன்று வண்டிகளின் எடைமேடைக் காசு 240 உட்பட, 5,460 ரூபாய். டீசல் தனி. இதில் உண்மையிலேயே தேவைப்பட்டது அடாப்டர், இரண்டு கேப், வால்வு, பிட், ஒரிஜினல் ஓஸ், கிளாம்ப்: 2,640 ரூபாய். ஃபில்டர்கள் எப்படியும் மாற்ற வேண்டியவைதான். டூப்ளிகேட் ஓஸ் 450 மட்டும் சுத்த நஷ்டம். ஐந்து வாரம் பிடித்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்துவிட்டது, இல்லையென்றால் காய்ந்த சாலை கிடைக்காமல் தை வரை இழுத்திருக்கும்.

அடுத்த முறை முதலில் பார்ப்பது மேனிஃபோல்ட் அழுத்தத்தை. கணக்கு, எடைமேடை எல்லாம் அப்புறம். அழுத்தம் குறைவு என்றால் ஃபில்டரையும் இ.ஜி.ஆரையும் தொடும் முன் கேப்பை மாட்டிக் காற்றடிப்பேன். வண்டி நன்றாக இருக்கும் காலத்திலேயே ஒரு பதிவு எடுத்து வைத்திருந்தால் இன்னோவாவையும் டிசையரையும் கடன் வாங்கியிருக்க வேண்டியதே இல்லை. இப்போது எடுத்த பதிவைத் தேதி போட்டுப் போனிலும், காகிதத்தில் எழுதி டேஷ்போர்டு டிராயரிலும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் இரண்டு ஓட்டம் ஓட்டிப் பக்கத்தில் எழுதப் போகிறேன். கேப்பும் வால்வும் டிக்கியில் கிடக்கின்றன. பஞ்சர் கடைக்காரர் தனக்கும் அதே மாதிரி ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார், வருகிற டீசல் வண்டிகளுக்குப் போட்டுப் பார்க்க. 11.5 பிட் அவரிடம்தான் இருக்கிறது.